ஐப்பசிக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்காதே

போதாது, கண்ணு. ஆடியில் நேரில் போய் நின்று பார்த்துவிட்டேன், சுவரில் சொட்டு ஈரம் இல்லை, அப்புறம் நடுவில் எதற்கு ஒரு புரோக்கர் என்று நேற்று போனில் கேட்டாய். ஆடியில் பார், ஆவணிக்கு மேல் வாங்கு என்று சின்ன வயதிலிருந்து நீங்கள்தானே சொன்னீர்கள், அதன்படிதானே செய்திருக்கிறேன் என்றும் கேட்டாய். பதில் வராவிட்டால் நான் கத்துவேன், அது உனக்கே தெரியும். கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் கத்த முடியாது. இன்று திங்கள். வெள்ளிக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் குன்னூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று அந்த ஓனர் அவசரப்படுகிறார். நான் இதை எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவேன்.

புரோக்கர் விஷயம்கூட இருக்கட்டும். நீ அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டின் பின்னால் சரிவு, சரிவெல்லாம் பெரணி, எங்கேயோ மெல்லிசாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம், "நம்ம பழைய தேவாலா ஊடு மாதிரியே இருக்குப்பா" என்றாய். அந்தச் சந்தோஷத்தை உன் குரலில் கேட்டு நெடுநாளாகிறது. அந்தப் பழைய வீட்டில் நாம் இருந்தது நான்கு மாதம்தான். உனக்கு அப்போது நான்கு வயது. ஆனால் உன் கல்யாணத்தில்கூடத் தோழிகளை உட்கார வைத்து, எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஆறு ஓடும், நான் தேயிலைப் பெட்டிக்குள் உட்கார்ந்து படகு விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் உன் அம்மாவும் சாப்பாட்டுப் பந்தியில் நின்று அதைக் கேட்டோம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஏன் அந்த வீட்டை விட்டு வந்தோம் என்று நீ கேட்கும்போதெல்லாம் ஃபேக்டரிக்குத் தூரம், ஸ்கூலுக்குத் தூரம் என்று ஏதாவது சொல்லியிருக்கிறேன். உன் நினைவில் அது அழகாக இருக்கிறது, அதை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதே அழகைப் பார்த்துத்தான் ஒரு வீட்டை வாங்கப் போகிறாய் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயது. கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறி வந்தவன். ஏன் விட்டாய் என்றால் இன்றைக்கும் என்னிடம் காரணம் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பழைய ஜீப் ஒன்றைப் பிடித்து, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்களிடம் பச்சை இலை மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரியில் கொண்டுபோய்ப் போடுவேன். தேவாலாவிலிருந்து சேரம்பாடி வரை எந்த மேட்டில் யார் இலை நயம், யார் மூட்டையின் அடியில் முற்றலைத் திணிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் வாடுகிற இலையின் வாசனைதான் முதலில் வரும். காலையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவேன். பனிமூட்டத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஹாரன் அடிக்கிற வேலை உன்னுடையது. வளைவு வருவதற்கு முன்பே அடித்துவிடுவாய், வளைவு வந்ததும் மறந்துவிடுவாய். டீக்கடையில் எனக்குப் பால் விடாத கட்டன் சாயா, உனக்குப் பன். அந்தக் கடையின் சேட்டன் உன்னை "டிரைவரே" என்றுதான் கூப்பிடுவார்.

நல்ல நாட்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையில் தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. இலைக்குக் கிடைத்த விலை பறிக்கிற கூலிக்குக்கூடக் காணவில்லை. ஃபேக்டரி வாரத்தில் சில நாள்தான் இலை எடுக்கும். மற்ற நாள் கேட் பூட்டியிருக்கும். வரிசையில் நிற்கிற ஜீப்பிலேயே மூட்டை சூடேறி இலை சிவந்து போகும். அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வந்திருக்கிறேன். நான் இலை எடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போயின. போனவர்களெல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். எங்கே பார்த்தாலும் வீடு விற்பனைக்கு என்று பேச்சு. மற்றவர்களுக்கு அது கெட்ட காலம். எனக்கோ, நமக்கு ஒரு வீடு அமைய இதைவிட்டால் நேரமில்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு ஏங்கியவள் உன் அம்மா. எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட சேரம்பாடி லைனில் பிறந்தவள் அவள். அவளுடைய அப்பா அம்மா சிலோனில் இருந்ததும் லைன், கப்பல் ஏறி இங்கே வந்த பிறகு கிடைத்ததும் லைன். எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் இல்லை. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட ஆபீஸ்தான் முடிவு செய்யும். எங்களுக்குக் கல்யாணமான பிறகு வாடகை வீட்டில் இருந்தோம். அங்கும் ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும். மூன்று தலைமுறையில் சொந்தமாக ஒரு வீட்டை வாங்கிப் பார்த்தவர்கள் எங்கள் இருவர் பக்கமும் யாரும் கிடையாது. எங்கள் பக்கம் கோயமுத்தூரில் தறிக்கொட்டகையை ஒட்டிய வாடகை வீடு, அவள் பக்கம் லைன். வீடு வாங்குவது என்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு சின்ன வயசுக் கதையாகக்கூடக் கேட்டு வளராதவர்கள் நாங்கள். நீயும் அப்படித்தான், கண்ணு. நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது நீ ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

நீ மார்கரெட் ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர் அப்போதுதான் புதிதாக வீட்டு புரோக்கராக ஆகியிருந்தார். அதற்கு முன் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். ஆபீசை மூடி அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? எந்த லைனில் ஓடு ஒழுகுகிறது, எந்தச் சுவர் வெடித்திருக்கிறது, எந்தக் கான் அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்று வருகிற புகார்களையெல்லாம் வாங்கி, நேரில் போய்ப் பார்த்து, கொத்தனாரை அனுப்புவது. மழைத்தண்ணீர் வழிந்தோட மண்ணில் வெட்டுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். பத்து வருடம் அந்த வேலை. அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் தண்ணீர் எங்கே நுழைந்து எங்கே வெளியே வரும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. ஆனால் பஜாரில் எங்களுக்கெல்லாம் அது ஒரு தமாஷ். பொம்பளை புரோக்கர், கையில் பெரிய கறுப்புக் குடை. ஜீப் ஸ்டாண்டில் "குடைக்காரங்க வர்றாங்கடா" என்போம். நானும்தான்.

பங்குனியில் ஒருநாள் அவரிடம் போய் வீடு இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஊடு இருக்குங்க. ஒன்பது ஊடு கைவசம் இருக்கு. ஆனா இப்பக் காட்ட மாட்டனுங்க."

"ஏனுங்க?"

"பங்குனி வெயில்ல பாத்தா எல்லா ஊடும் நல்ல ஊடுதானுங்க. ஆடியில வாங்க. நனைஞ்சுக்கிட்டே போய்ப் பாக்கலாம். அப்பவும் புடிச்சிருந்தா ஆவணியில எழுதிக்கங்க."

ஆடியில் எவனாவது வீடு பார்ப்பானா என்று நான் சிரித்தேன். "அதனாலதானுங்க ஆடியில எனக்கு யாவாரம் இல்ல. குடையெடுத்துட்டுப் போயி ஒவ்வொரு ஊடா சுத்திப் பாத்துட்டு வருவேன்" என்றார் மார்கரெட். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். ஆடியில் புது வீட்டுக்குள் விளக்குமாறுகூடக் கொண்டுபோக மாட்டாள் அவள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். எனக்கு ஆடிவரை பொறுக்க முடியாது. எதற்குமே பொறுக்காதவன் நான்.

நானே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படி, ஏனென்றால் இந்தத் தவறை ஓர் இலைக்காரன்தான் செய்ய முடியும். அந்தக் கோடையில் மலை முழுக்கத் தேயிலை காய்ந்து, செடியெல்லாம் துளிர் இல்லாமல் நின்றது. தேவாலாவுக்கு மேலே ஒரு சரிவில் அரை ஏக்கர் மட்டும் பச்சைப்பசேல் என்று, ஆனி மாதத்து இலை மாதிரி கொழுந்துவிட்டு நின்றது. அதன் கீழே மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய ஓட்டு வீடு. என்ன மண் பார், என்ன இலை பார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கோடையில் அந்தச் செடி எங்கேயிருந்து தண்ணீர் குடிக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. இலையைப் பார்த்து மூட்டையை வாங்குகிறவன், இலையைப் பார்த்து வீட்டையும் வாங்கினேன்.

வாங்குவதற்கு முன் பஜாரில் மார்கரெட்டைப் பார்த்தபோது பெருமைக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பின்சுவருக்கும் வெட்டின மண்ணுக்கும் நடுவில் எத்தனை அடி இடம், மேலேயிருந்து வருகிற கான் எந்தப் பக்கம் திரும்புகிறது, மேட்டில் நிற்கிற சில்வர் ஓக் மரமெல்லாம் நேராக நிற்கிறதா, அடியில் வளைந்து நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. ஊடு வாங்கப் போறேனா, மரம் வாங்கப் போறேனா என்று ஏதோ நக்கலாகச் சொன்னேன். "நான் கமிஷனுக்காகச் சொல்றேன்னுதான நினைக்கிறீங்க. நினைச்சுக்கங்க, பரவால்ல. ஆடி வரைக்கும் பொறுத்துக்கங்க, அது போதும்" என்றார். அவர் சொன்னது சரி. நான் அதைத்தான் நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் நேரே விற்கிறவரைப் போய்ப் பார்த்தேன்.

விற்றவர் நல்ல மனிதர். திருப்பூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தது. பின்னறைச் சுவரை மறைத்துப் பழைய தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். சமவெளியிலிருந்து வந்தவன் வீட்டைப் பார்க்கும்போது என்ன கேட்பான்? தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க தம்பி" என்றார். பொய் சொல்லவில்லை, பார். நான் கேட்டதற்கு அவர் சரியான பதில்தான் சொன்னார். நான் கேட்டதுதான் தப்பு. அவருடைய மனைவி மட்டும் வாசலில் நின்று உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெட்டிகளை நமக்கே விட்டுவிட்டுப் போனார்கள். கோடை முழுக்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். சாயங்காலம் அந்தக் கொழுந்தை அம்மாவும் நீயும் பறிப்பீர்கள். உன் கூடையில் இலையைவிடப் பூச்சி அதிகம் இருக்கும். இப்போதும் எனக்கு அந்த வீடு வேண்டும்போல்தான் இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை.

ஆடி வந்தது. தேவாலா மழை உனக்குத் தெரியும், பத்து நாள் சேர்ந்தாற்போல் சூரியனைப் பார்க்க முடியாது. முதலில் பின்னறைத் தரையில் சிமெண்டுப் பூச்சு வேர்த்தது. நாங்கள் சாக்கைப் போட்டோம். அப்புறம் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் தண்ணீர் கண்ணீர் மாதிரி கசிந்தது. அப்புறம் கசிவு ஓட்டமாகி, பின்னறையில் நுழைந்து நடுவீட்டைத் தாண்டி வாசல் வழியே போனது. உன்னுடைய ஆறு அதுதான். மேட்டில் இருந்த ஊற்று நம் வீட்டுக்குள் வழி பிடித்திருந்தது. அரிசி மூட்டையை மேலே ஏற்றிவிட்டு உன்னைத் தேயிலைப் பெட்டிக்குள் உட்கார வைத்தாள் அம்மா. நீ சிரித்த சிரிப்பில் நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் வெளியே போய் பின்பக்கத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. மழை விடட்டும், ஒரு கான் வெட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அன்றைக்கு மத்தியானம் நான் ஃபேக்டரி கேட்டில் வரிசையில் நின்றேன். அம்மா பின்னறைக் கட்டிலில் உன்னைத் தூங்கப் போட்டிருந்தாள். காய்ந்த இடம் அந்தக் கட்டில் ஒன்றுதான். மார்கரெட் குடையோடு வந்திருக்கிறார். நம்மைப் பார்க்க வரவில்லை, வழக்கமான ஆடிச் சுற்று. வீட்டின் பின்னால் போய் மேட்டைப் பார்த்துவிட்டு, காலெல்லாம் அட்டை ஒட்டியிருக்க, நேரே உள்ளே வந்தாராம்.

"புள்ளையத் தூக்குங்க."

"இப்பத்தாங்க தூங்குச்சு."

"மேட்டு மரம் ரெண்டும் போன வருசம் நின்ன மாதிரி நிக்கல, மண்ணு நகருது. தூக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா எதிர்த்து எதுவும் கேட்கவில்லை. நானாக இருந்தால் நின்று வாதாடியிருப்பேன். கதவைப் பூட்டிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பின்சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. கட்டிலின் மேல் மண். கட்டிலின் கால்கள் மட்டும் தெரிந்தன. பூட்டு வெளியே தொங்கியது எனக்கு மண்டையில் ஏறவில்லை, கதவை உடைத்து உள்ளே போய், கையால் அந்த மண்ணைத் தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, உங்கள் வீட்டுக்காரம்மாவும் பாப்பாவும் குடைக்காரங்க ஊட்டில் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் தோண்டிக்கொண்டிருந்தேன். அங்கே போனால் நீ தட்டில் சர்க்கரை தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாய். என் கையைப் பார்த்து, அப்பா மண்ணில் விளையாடினீங்களா என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

இதை இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை. மார்கரெட்டிடம் அன்று நன்றிகூடச் சொல்லவில்லை. வெட்கம். நாங்களாகத்தான் காலி செய்தோம், அதற்கப்புறம் சுவர் விழுந்தது என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த பங்குனியில் சுவரை எடுத்துக் கட்டி, வெள்ளையடித்து, வீட்டை விற்க வைத்தேன். கைக்குழந்தையோடு ஒரு டிரைவரும் அவன் மனைவியும் வந்தார்கள். கொழுந்தைப் பார்த்து அவனுக்கும் தலைகால் புரியவில்லை. தண்ணீர் எப்படிங்கண்ணா என்று கேட்டான். தண்ணிக்குப் பஞ்சமே இல்லை என்றேன். கூசாமல் வந்தது அந்த வார்த்தை. நான் கெட்டவன் இல்லை, கண்ணு. விற்க வேண்டிய நெருக்கடியில் இருந்தவன். உன் குன்னூர் ஓனரும் நல்ல மாதிரி, டீ போட்டுக் கொடுத்தார், கொய்யாப்பழம் கொடுத்தார் என்கிறாய். இருக்கட்டும். நல்ல மாதிரிதான் இருப்பார். நானும் அந்த டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

உன் அம்மா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வீட்டின் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். புதுச் சுவரைக் காட்டி, என் புள்ளை படுத்திருந்த இடம் இது என்று சொன்னாளாம். அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அந்தப் புள்ளையும் கட்டில்லதாங்க படுக்கும்." பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வெறும் தேயிலைக்கான விலைக்கே கொடுத்தோம். அவர் வீட்டை இடித்துவிட்டு அங்கேயும் செடி வைத்தார். இன்றைக்கும் கோடையில் அந்தச் சரிவுதான் பச்சையாக இருக்கும், போய்ப் பார்.

அதற்கப்புறம்தான் மார்கரெட்டிடம் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை குத்தவில்லை, குடை இருக்குங்களா என்று மட்டும் கேட்டார். அந்த ஆடி முழுக்க, அம்மாவும் சேர்த்து, மூவரும் நனைந்தோம். ஆடி ஆகாது என்று அம்மா அதற்கப்புறம் சொன்னதே இல்லை. ஒரு வீடு, அழகென்றால் அப்படி ஓர் அழகு, விலையும் குறைவு. வாசலில் நின்றபடியே மார்கரெட் வேண்டாம் என்றார். சுற்றிலும் வீடுகள் இருந்தும் கரண்ட் கம்பம் ஒன்றுகூட இல்லை. இந்த மண்ணுக்குப் பட்டா வராதுங்க, அதான் கரண்டும் இல்ல, வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்க, நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் உங்ககிட்ட பதில் இருக்காதுங்க என்றார். இன்னொரு வீட்டுக்குப் போகிற பாதை எஸ்டேட் பாதை. இப்போது விடுகிறார்கள், கேட் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒரு வீட்டில் எல்லாம் சரி, ஆனால் மேலே புதிதாக மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் காட்டியதுதான் நாங்கள் இப்போது இருக்கிற இந்த வீடு. மேட்டு முனையில், காற்றடிக்கிற இடத்தில், பெட்டிக்கடையின் முதுகைப் பார்த்துக்கொண்டு. நீ பார்த்ததும் அழுதாய். ஆறு எங்கேப்பா என்று கேட்டாய். அசிங்கமான வீடு என்று பத்தாவது படிக்கும்வரை சொன்னாய். எத்தனை ஆடி போயிற்று, இதன் தரை ஒருநாள் வேர்த்ததில்லை.

அந்த அனுபவத்திலிருந்துதான் ஆடியில் பார் என்று உனக்குச் சொன்னேன். ஏதோ எனக்கே எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி. நேற்று நீ போனை வைத்த பிறகு, நீ அனுப்பிய படங்களை எடுத்துக்கொண்டு மார்கரெட் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது மூட்டு வலி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

"பாப்பா எப்பப் பாத்தாளாம்?"

"ஆடியிலதாங்க. நீங்க சொன்ன மாதிரியே."

"நான் தேவாலாவுக்குச் சொன்னனுங்க. ஆடி மழை நம்ம பக்கத்து மழை. குன்னூருக்குப் பெருமழை ஐப்பசியிலதானுங்க. ஆடியில அங்க போய்ப் பாத்தா, பங்குனியில இங்க பாத்த மாதிரி."

இத்தனை வருடமாக அவர் சொன்ன ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதுதான் விவரம் என்று நினைத்து, அதையே உன் தலையிலும் கட்டியிருக்கிறேன். விவரம் என்பது அந்த வரி இல்லை, கண்ணு. எந்த மலைக்கு எந்த வரி என்று தெரிந்த ஆள்தான் விவரம். அந்த வீடு மோசம் என்று மார்கரெட் சொன்னாரா என்றால், சொல்லவில்லை. படத்தில் பின்சுவரில் முட்டி உயரத்துக்கு ஒரு பச்சைப் படிவு இருக்கிறது, ஆடியிலும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்றால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். "குன்னூர் எனக்குத் தெரியாதுங்க. தெரியாத மலையைப் பத்தி நான் பேச மாட்டேன்" என்றும் சொன்னார். அங்கே முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரை அவருக்குத் தெரியுமாம், சர்ச் வழிப் பழக்கம். அவர் வீட்டையும் பார்ப்பார், பத்திரத்தையும் பார்ப்பார், மேலே இருக்கிற நிலம் யாருடையது, அங்கே என்ன கட்டப் போகிறார்கள் என்பதையும் விசாரிப்பார். அவருக்குக் கமிஷன் உண்டு. கொடு. வீடு நன்றாக இருந்தால் சந்தோஷமாக வாங்கு, தண்ணீர்ச் சத்தத்தோடு வாங்கு, நானே வந்து பால் காய்ச்சுகிறேன். நன்றாக இல்லாவிட்டால் அவர் சொல்வார். ஓனர் சொல்ல மாட்டார். போன் சொல்லாது. நானும் சொல்ல முடியாது, ஏனென்றால் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது என்று நான் உன்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்கிறாய். கொடுக்கட்டும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் நின்று காட்ட முடியாத வீடு யாருக்குப் போனாலும் நமக்கு வேண்டாம். நான் இதை

எழுதிக்கொண்டிருக்கும்போதே மார்கரெட் போன் செய்துவிட்டார். ஐப்பசி பிறக்கவே இல்லை, அதற்குள் குன்னூரில் காலையிலிருந்து ஊற்றுகிறதாம், அந்த புரோக்கர் இப்போதே வரச் சொல்கிறாராம். மூட்டு வலியோடு அவரும் வருகிறார். கூடலூர் பஸ் பத்து நிமிடத்தில். நாங்கள் உன் வீட்டுக்கு வரவில்லை, நேரே அந்த வீட்டின் பின்பக்கத்துக்குப் போகிறோம். லீவு கிடைத்தால் நீயும் வா, மூன்று மணிக்கு அங்கே இருப்போம். அம்மா குடையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் போக வேண்டும்.